விழத் தெரிந்த மகனுக்கு

குஞ்சு,

நாளைக்குக் காலை பத்து மணிக்கு நான் மரண விசாரணை அலுவலகத்துக்குப் போக வேண்டும். நீ எப்படிச் செத்தாய் என்று என்னிடம் கேட்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் உனக்கு இதை எழுதி முடிக்க வேண்டும் என்று, வேலையிலிருந்து வந்த உடுப்போடேயே குசினி மேசையில் இருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் நீ சிரிப்பாய். சிரி. முப்பது வயதுக்காரனைக் குஞ்சு என்று கூப்பிட வேண்டாம், எயர்போட்டில் உன்னோடு வேலை செய்கிற பெடியங்களுக்குக் கேட்கும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய். இந்த முறை எல்லாருக்கும் கேட்கத்தான் போகிறது. எழுதி முடித்ததும் இதைத் தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். கோயிலிலும் கடையிலும் லின்னைக் கொலைகாரி என்று சொன்னவர்கள் இதை வாசிக்க வேண்டும். அவர்கள் அப்படிச் சொல்லும்போது பேசாமல் நின்றவள் நான்.

லின் யார் என்று உனக்குத் தெரியும். வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. ஜான்-டலோன் சந்தையில் பகலில் மரக்கறிக் கடையில் நிற்கிற சீனப் பெண். என்னைவிட நாலைந்து வயது இளமை. கிழமையில் மூன்று நாள் பின்னேரம், ஒரு தேவாலயத்தின் கீழ் அறையில் பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தன் ஊர்ச் சண்டை பழக்குவாள். நீ அங்கே மூன்று வருசம் போனாய். ஏன் போனாய் என்பதையும் சொல்ல வேண்டும். மெட்ரோ வாசலில் இரண்டு பேர் உன்னைத் தள்ளி விழுத்திவிட்டு உன் போனைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். போன் போனது உனக்குப் பெரிதில்லை. "நிலத்தில கிடக்கேக்க என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை அம்மா. பேசாமல் கிடந்தன். அதுதான் வெக்கம்" என்றாய். இரண்டு கிழமை கழித்து வந்து, ஒரு வகுப்பில் சேர்ந்துவிட்டேன் என்றாய்.

"என்ன வகுப்பு?"

"நிலத்தில கிடந்து சண்டை பிடிக்கிறது. மற்றவையெல்லாம் நிண்டு அடிக்கப் பழக்குவினம். இது விழுந்த பிறகு என்ன செய்யிறதெண்டு பழக்குறது. நாய்ச் சண்டை எண்டும் சொல்லுவினம்."

"நாயோ? கனடாவுக்கு வந்து நாய் மாதிரி உருளப் பழகுறியோ? சனம் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?"

"நாய் விழுந்தாலும் கடிக்கும் எண்டு சொல்லுங்கோ."

எனக்கு அது பிடிக்கவில்லை. சண்டை என்பதற்காக இல்லை. நிலம் என்பதற்காக. ஊரில் சண்டைக் காலத்தில் செல் குண்டு கூவிக்கொண்டு வரும்போது உன்னைக் கீழே போட்டு உனக்கு மேலே நான் படுத்திருக்கிறேன். அப்போது உனக்கு மூன்று வயது, பிறகு நாலு, பிறகு ஐந்து. முகத்தை மண்ணில் அமத்திப் பிடித்ததில் உன் வாய்க்குள் மண் போய் நீ துப்பித் துப்பி அழுதாய். எனக்கு நிலம் என்றால் அதுதான். பிள்ளையை அதிலிருந்து எழுப்பிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தது திரும்பவும் போய்ப் படுக்கவோ என்று உன்னிடம் கேட்டேன். "அப்ப சும்மா கிடந்தம் அம்மா. இப்ப கிடந்துகொண்டு அடிக்கப் பழகுறன்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாய். உன் அப்பா இருந்திருந்தால் உன் பக்கம்தான் நின்றிருப்பார். உனக்கு ஏழு வயதாக இருக்கும்போதே அவர் போய்விட்டதால் வீட்டில் எனக்கு எதிராகக் கதைக்க நீ ஒருவன்தான் இருந்தாய்.

ஒருநாள் வகுப்பைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். உன்னைவிட இரண்டு மடங்கு பெரிய வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன் உன்னைத் தள்ளினான். நீ விழுந்தாய். விழுந்த சத்தத்துக்கு நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். அதற்குள் உன் ஒரு கால் அவன் குதிக்குப் பின்னால் போனது, மற்றக் கால் அவன் முழங்காலைத் தள்ளியது, கத்தரிக்கோல் மூடினதுபோல. அவன் மரம் மாதிரிச் சரிந்தான். பிறகு இரண்டு பேரும் நிலத்தில் கிடந்தபடி சிரித்தீர்கள். முந்தின காலத்தில் பாதத்தைக் கட்டிச் சிறிதாக்கிய பெண்கள், உறுதியாக நிற்க முடியாதவர்கள், இதைப் பழகினார்கள் என்று லின் சொன்னதாக நீ எனக்குச் சொன்னாய். நிற்க முடியாதவர்களுக்கு ஒரு சண்டை இருக்கிறது என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். ஆனாலும் உன்னிடம் நல்லது என்று ஒரு சொல் சொல்லவில்லை. வரும் வழியில் முழங்கால் ஊத்தை போகாது, சவர்க்காரம் வீண் என்றேன்.

போன ஐப்பசியில் என்னோடு கூட்டித் துடைக்கிற ஒரு பெண் பஸ் தரிப்பில் சறுக்கிக் கையை முறித்துக்கொண்டாள். நீ அன்றைக்கே என் மெத்தையை இழுத்து வந்து ஹோலில் போட்டாய். "அம்மாக்கு இண்டைக்கு வகுப்பு." நான் மாட்டேன் என்றேன். நீ விடவில்லை. தாடையை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், அப்போதுதான் தலை அடிபடாது. மூச்சை வெளியே விட வேண்டும். கை முழுவதாலும் நிலத்தில் ஓங்கி அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதல், கையில் என்ன இருந்தாலும் விட வேண்டும். என் கையில் கதவு பூட்டுகிற வீட்டுத் திறப்பு இருந்தது. ஐந்து தரம் விழுந்தேன், ஐந்து தரமும் திறப்பு கைக்குள்ளேதான் இருந்தது.

"அம்மா, திறப்பை விடுங்கோ. கதவு ஓடிப்போகாது."

"தவறிப் போனால்?"

"தவறினால் தேடுவம். மண்டை உடைஞ்சால் எங்க தேடுறது?"

செல்லுக்கு ஓடிய நாட்களில் பயண பாஸ் கடதாசியும் நகையும் வைத்த பையை நான் ஒருநாளும் விட்டதில்லை. விழுந்தாலும் பை நெஞ்சோடு இருக்கும். அந்தக் கை உனக்குச் சொல்லிப் புரியாது என்று நினைத்தேன். ஆனால் நீ ஒரு மாதம், ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னை விழுத்தினாய். கடைசியில் திறப்பு ஒருபக்கம் பறந்தது, நான் ஒருபக்கம் கிடந்தேன். நீ கை தட்டினாய்.

இனித்தான் சொல்ல வேண்டியது வருகிறது. மூன்று தரம் இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டுப் போய் அடுப்பைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

தைப்பொங்கலுக்கு வாசல் தெளிக்காமல் எனக்குப் பொங்கத் தெரியாது. இங்கே இரண்டாம் மாடி, வெளியே இரும்புப் படி, தை மாதக் குளிர். அதனால் நீ ஒவ்வொரு வருசமும் எனக்கு முன்னால் எழும்பி படியில் உப்புப் போடுவாய். பிறகு என்னை ஒரு கை அள்ளித் தெளிக்க விடுவாய். மிச்சத்தை வாங்கி உள்ளே கொண்டுபோவாய். இந்த வருசம் பொங்கலுக்கு முதல்நாள் உனக்கு அடுத்தடுத்து இரண்டு முறை வேலை. நல்லாக நித்திரை கொள்கிறாய் என்று நான் எழுப்பவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. பச்சைத் தண்ணீர்தானே உறையும், கொதி தண்ணீர் உறையாது என்று. கேத்திலில் கொதிக்க வைத்து, மஞ்சளைக் கரைத்து, வாசலிலும் மேல் மூன்று படியிலும் நன்றாகத் தெளித்தேன். புகை எழும்பியது. பார்க்க வடிவாக இருந்தது. பிறகு உள்ளே போய்ப் பொங்கினேன்.

எங்கள் வாசலில் வெயில் விழாது. கீழே நடைபாதையில்தான் விழும். ஆகவே சூரியனுக்குக் காட்டப் பானையை நீதான் கீழே கொண்டுபோவாய். அன்றைக்கும் எழும்பிக் குளித்து, ஜாக்கெட்டுக்குக் கீழே வேட்டியோடு, புதுப் பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாய். நான் பின்னால் வாழைப்பழத்தோடு நின்றேன். உன் கால் போனதைப் பார்த்தேன். நீ மல்லாக்க விழுந்து மூன்று படி வழுக்கினாய். பானையை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாய். இரும்பில் ஒரு சத்தம் கேட்டது.

நான் கேட்ட முதல் கேள்வி என்ன என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "பானை உடைஞ்சுதோ?"

"இல்லை அம்மா. ஒரு பருக்கை சிந்தேல்லை."

"தலையில பட்டுதோ?" என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். நீ எழும்பி, பின்பக்கம் தட்டிவிட்டு, "எனக்கு விழத் தெரியும் எல்லோ" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். பொங்கல் நல்ல சகுனத்தோடு முடிந்தது என்று பியர்பொன்ட்ஸில் இருக்கிற உன் மாமாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். விழுந்ததைச் சொல்லவில்லை. நல்ல நாளில் ஏன் என்று.

மறுநாள் தலையிடி என்றாய். கொத்தமல்லி அவித்துத் தந்தேன். அடுத்த நாளும் வேலைக்குப் போனாய். மூன்றாம் நாள் சாப்பிடும்போது கண்ணை மூடி மூடித் திறந்தாய். நித்திரை காணாது என்று நான் ஏசினேன். நாலாம் நாள் பின்னேரம் வகுப்புக்குப் போனாய். அங்கே விழுந்தாய். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். அங்கே ஒரு டொக்டர், போனில் தமிழ் மொழிபெயர்க்கிற பெண்ணை வைத்துக்கொண்டு, இதற்கு முன்னால் எங்கேயாவது விழுந்தாரா, தலையில் பழைய இரத்தமும் இருக்கிறது என்று கேட்டார். மாமா எனக்குப் பக்கத்தில் நின்றார். நான் "இல்லை, எனக்குத் தெரியாது" என்றேன். அந்தப் பெண் அதைப் பிரெஞ்சில் சொன்னாள். ஒரு பொய் இரண்டு பாசையில் போனது.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மாமா எல்லாம் செய்தார். பழைய இரத்தம் என்றால் முந்தின கிழமையும் அங்கேதான் அடிபட்டிருப்பான் என்றார். கோயிலில் கதைத்தார். அந்த வகுப்பை மூடச் சொல்லி நூற்றுக்கணக்கான பேரிடம் கையெழுத்து வாங்கினார். தேவாலயத்துக்காரர் அறையைப் பூட்டிவிட்டார்கள். உன் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு லின் வந்து படியில் நின்றாள். கையில் ஒரு பை. அதற்குள் நீ வகுப்பில் போடுகிற சப்பாத்தும் முழங்கால் உறையும், தோய்த்து மடித்து. மாமா அதை வாங்கவும் விடவில்லை. அவள் பையைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். நீ விழுந்த அதே படியில்.

போன சனிக்கிழமை சந்தைக்குப் போனேன். கத்தரிக்காய் வாங்கத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். லின் தனியாக நின்றாள். முன்னே அவளிடம் வாங்குகிற எங்கள் ஆட்கள் ஒருவரும் அங்கே இல்லை. என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கும் எனக்கும் சேர்த்து நாற்பது பிரெஞ்சுச் சொல் இருக்கும். அதில் அவள் சொன்னது இதுதான். அன்றைக்கு நீ தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். உன்னைப் பழக விடவில்லை, சுவரோரம் கிடந்த நீட்டு மர வாங்கில் இருத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போ என்றாள். நீ வகுப்பு முடியட்டும் என்றாய். வாங்கிலிருந்துதான் சரிந்தாய். பொலிசுக்குச் சொன்னாள், ஆட்களுக்கும் சொன்னாள், ஒருவரும் நம்பவில்லை. பிறகு என் கையைப் பிடித்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "வீட்டில்? விழுந்தானா?"

குஞ்சு, நான் "நொன்" என்றேன். இல்லை என்பதற்கு அவர்கள் சொல்லுகிற சொல் அவ்வளவு சின்னது. அவள் கையை விட்டுவிட்டாள். கத்தரிக்காயைப் பையில் போட்டுத் தந்தாள், நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி.

கடையைத் தாண்டிப் பத்து அடி போயிருக்க மாட்டேன். உருகி உறைந்த தண்ணீர் கிடந்திருக்கிறது. கால் போனது. நான் யோசிக்கவில்லை. சத்தியமாக ஒன்றும் யோசிக்கவில்லை. கத்தரிக்காய்ப் பை ஒருபக்கம் பறந்தது, தாடை நெஞ்சில் ஒட்டியது, மூச்சு போனது, கை ஐஸில் பளீர் என்று அடித்தது. தலை படவே இல்லை. அப்படியே கிடந்து தகரக் கூரையைப் பார்த்தேன். அறுபத்திரண்டு வயதில், ஒரே ஒரு மாதம் பழகினவள், விட்டேன். எல்லாவற்றையும் விட்டேன். மூன்று வருசம் பழகின நீ விடவில்லை. இதுவரை நான் உன் தலையையும் படியையும் தண்ணீரையும்தான் நினைத்திருந்தேன். உன் கையை அன்றைக்குத்தான் நினைத்தேன்.

லின் ஓடி வந்தாள். முதலில் என் பின்தலைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தடவிப் பார்த்தாள். நான் முதலில் பானையைப் பார்த்தவள். பிறகு நான் கிடந்த கிடையையும் சிவந்த உள்ளங்கையையும் பார்த்தாள். யார் பழக்கினது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உன் பெயரைச் சொன்னாள். நான் நிலத்தில் கிடந்தபடியே "வீ" என்றேன். ஓம் என்று. ஓம், வீட்டில், விழுந்தான், படியில், நான் தண்ணீர், நான். அவ்வளவுதான் சொல்ல வந்தது. அவள் என்னை ஏசவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. உருண்டு போன கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒன்று ஓரத்தில் நின்ற காருக்குக் கீழே போயிருந்தது. அவள் ஐஸில் படுத்து, பக்கவாட்டாகச் சறுக்கி, காலால் அதை இழுத்தெடுத்தாள். அப்போதுதான் அவள் அழுகிறாள் என்று கண்டேன்.

இன்றைக்கு மத்தியானம் வேலை இடைவேளையில் மாமாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"ஆருக்கும் சொன்னியோ?"

"அந்தப் பொம்பிளைக்குச் சொன்னன் அண்ணை."

"விசர் பிடிச்சிட்டுதே உனக்கு? பெத்த தாய் தண்ணி ஊத்திப் பிள்ளையைச் சாகடிச்சவள் எண்டு சனம் கதைக்கும். செத்தவன் திரும்பி வரப்போறானோ?"

"வரமாட்டான்."

"அப்ப நாளைக்கு நீ வாயைத் திறக்காதை. நான் வந்து கதைக்கிறன்."

"நீங்கள் வராதேங்கோ அண்ணை. படியில நீங்கள் நிக்கேல்லை. நான்தான் நிண்டனான்."

அவர் போனை வைத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டெடுத்தவர் அவர்தான். உன்னைத் தூக்கித் தோளில் வைத்து முதன்முதலில் பனி காட்டியவர். அவருக்கும் யாரையாவது பிடித்து உலுப்ப வேண்டியிருந்தது. அதற்கு நான் ஒருத்தியைக் காட்டிக் கொடுத்தேன், சும்மா நின்றே காட்டிக் கொடுத்தேன்.

ஆகவே நாளைக்கு நான் தனியாகப் போகிறேன். முதலில் பஸ், பிறகு மெட்ரோ. சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்வேன், மொழிபெயர்க்க ஆள் இருக்குமாம். இதை வாசிக்கிற தாய்மாருக்கு எனக்கு இரண்டு விசயம்தான் சொல்லத் தெரியும். தை மாதத்தில் வாசலுக்கு வெளியே ஒரு சொட்டும் தெளிக்க வேண்டாம். கொதி தண்ணீரும் உறையும். உள்ளே நிலத்தில் தெளியுங்கள், சூரியன் அதற்குக் கோபிக்காது. விழுந்த பிள்ளை சிரித்தாலும் நம்ப வேண்டாம், தலையைத் தடவிப் பாருங்கள், டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

கையெழுத்து வைத்தவர்கள் லின்னிடம் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். அவளுடைய கடை சந்தையின் வடக்குப் பக்கம், இரண்டாவது வரிசை. எனக்கு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பானை அலுமாரிக்கு மேலே இருக்கிறது, குஞ்சு. ஒரு கீறல் இல்லை. அன்றைக்கு அது உடைந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இருந்து யோசித்துப் பார்த்தேன். முகத்தைச் சுளித்திருப்பேன். வருசம் முழுக்கக் கூடாது என்று அரற்றியிருப்பேன். நீயும் அதை அறிவாய். முப்பது வருசம் என் முகத்தைப் பார்த்து வளர்ந்தவன். நாளைக்கு அவர்கள் என்னிடம் எல்லாம் கேட்பார்கள், தண்ணீரைப் பற்றி, படியைப் பற்றி, தலையிடியைப் பற்றி. இதை மட்டும் கேட்கமாட்டார்கள். ஆகவே நான் உன்னைக் கேட்கிறேன். திறப்பை விடுங்கோ, கதவு ஓடிப்போகாது என்று எனக்குச் சொல்லித் தந்த நீ, அந்தப் பானையை ஏன் ராசா விடவில்லை?